பராக்குக்கு இடங்கொடாத மேய்ப்பர்

சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் நாம் எல்லோரும் கேட்ட சொல் ஒன்று உண்டு. அது 'பராக்கு'. செபமாலை சொல்லும்போது வாய் ஒரு பக்கமும் மனம் ஒரு பக்கமும் போனால் அது பராக்கு. பூசை நேரத்தில் கோவிலுக்குள் பறந்து வந்த குருவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் பராக்கு. பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யும்போது, "செப வேளையில் பராக்குக்கு இடங்கொடுத்தேனா?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளும்படி பெரியவர்கள் கற்பித்தார்கள்.

வளர்ந்து ஆளாகி, பங்கில் ஒரு பொறுப்பும் வந்த பிறகு இந்தச் சொல்லை மறந்துவிடுகிறோம். பராக்கு சிறுபிள்ளைகளுக்கு உரியது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு வரும் பராக்கு குருவியைப் போல் வருவதில்லை. நல்ல காரியத்தைப் போலவே வரும். கட்டட நிதி வசூல், திருவிழாக் கணக்கு, யாருக்கு முதல் மரியாதை என்ற வழக்கு, அதிகாரி வீட்டு விசேஷம், மேடையில் ஒரு நாற்காலி, சால்வை, நிழற்படம் என்று ஒவ்வொன்றாக வரும். இவற்றில் ஒன்றும் பாவமன்று. ஆனால் இவ்வளவும் முடிந்து வீடு திரும்பும்போது, எந்த வேலைக்காக அழைக்கப்பட்டோமோ அந்த வேலை மட்டும் தொடப்படாமலேயே கிடக்கும்.

நம் பக்கத்து மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை செய்கிற ஒருவரைக் கேட்டால் போதும். அங்கே கை ஓரிடத்திலும் கருத்து வேறிடத்திலும் இருக்கக் கூடாது. இருந்தால் என்ன நேரும் என்பதை எத்தனையோ வீடுகள் கண்ணீரோடு அறிந்திருக்கின்றன. ஆன்மாக்களை வழிநடத்தும் வேலையும் அப்படிப்பட்டதே. வெடிச் சத்தம் மட்டும் உடனே கேட்பதில்லை.

இந்த யூபிலி மலரில், கருத்துச் சிதறாத ஒரு மேய்ப்பரின் வரலாற்றை நினைவுகூர விரும்புகிறோம். அவர் புனித அருளானந்தர். அவருடைய இரத்தம் சிந்திய கதை நமக்குத் தெரிந்ததுதான். அந்த நாளுக்கு முன்னே அவரை வழிமாற்ற வந்த இழுப்புகள் எத்தனை, அவற்றை அவர் எப்படிக் கடந்தார் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

நாமும் மறவர் சீமையும்

ஓரியூர் நமக்குத் தொலைவான ஊர் என்று இன்றைய இளைஞர்கள் எண்ணக்கூடும். 1910ல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது, அதுவரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த விருதுநகரும் சிவகாசியும் அதனோடு சேர்க்கப்பட்டன. அன்று முதல் எழுபத்தைந்து ஆண்டுகள் ஓரியூரும் நாமும் ஒரே மாவட்டம். 1985ல்தான் காமராசர் பெயரால் நம் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. திருச்சபையின் ஆட்சியிலும் அப்படியே. 1987ல் சிவகங்கை மறைமாவட்டம் அமையும் வரையில் ஓரியூர் நம் மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. ஆகவே அருளானந்தரின் கதை வேற்று நாட்டுக் கதையன்று. நம் வீட்டுக் கதை.

அரசவையிலிருந்து ஆண்டிக் கோலத்துக்கு

ஜான் டி பிரிட்டோ 1647 மார்ச் முதல் நாள் போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் பிறந்தார். தந்தை அரச சேவையில் உயர்ந்த பதவி வகித்துப் பிரேசில் நாட்டில் இறந்தவர். சிறுவன் ஜான் அரண்மனையிலே, இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக வளர்ந்தான். ஒருமுறை கடுமையான நோயில் கிடந்தபோது, தாயார் புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். நேர்ச்சைப்படி ஓராண்டு சேசுசபையாரைப் போல் அங்கி அணிந்து அரண்மனையில் நடமாடினான்.

நேர்ச்சை முடிந்தது, அங்கியைக் கழற்றினார்கள். ஆனால் மனத்தில் அணிந்ததைக் கழற்ற முடியவில்லை. 1662ல், பதினைந்து வயதில், ஜான் சேசுசபையில் சேர்ந்தார். சவேரியார் சென்ற நாட்டுக்கே தாமும் செல்ல வேண்டும் என்பது ஒன்றே அவர் ஆசை. அதைத் தடுக்கத் தாயார் எவ்வளவோ முயன்றார். பெற்ற தாயின் கண்ணீரைவிட வலிய இழுப்பு எது? அன்பினால் வரும் தடையைக் கோபத்தால் உதற முடியாது; பொறுமையோடுதான் கடக்க வேண்டும். 1673ல் அவர் கப்பல் ஏறினார். அவ்வாண்டே கோவாவை அடைந்தார். அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்.

1606ல் இராபர்ட் தெ நொபிலி, தமிழில் தத்துவ போதகர், மதுரைக்கு வந்து தொடங்கிய மிஷன் அது. அருளானந்தர் வந்தபோது அங்கே உழைத்த குருக்களில் சிலர் பிராமண சந்நியாசிகளைப் போலவும், சிலர் பண்டாரசுவாமிகளாகவும் வாழ்ந்தனர். பண்டாரசுவாமி என்றால் எளிய சாதி மக்களோடும் பழகலாம். அருளானந்தர் அந்தக் கோலத்தையே ஏற்றார். காவி உடை, கையில் கோல், மரக்கறி உணவு, தரையில் படுக்கை. அரண்மனையில் வளர்ந்த உடம்பு அது என்று பார்த்தவர் சொல்ல முடியாது. ஜான் என்ற பெயர் அருளானந்தர் ஆயிற்று. தத்துவாஞ்சேரி முதலிய இடங்களிலிருந்து தொடங்கி, சோழ நாட்டிலும் பாண்டி நாட்டிலும் பல ஆண்டுகள் கால்நடையாகவே அலைந்து திரிந்தார்.

தலைமைப் பொறுப்பு

பிறகு மதுரை மிஷன் முழுவதற்கும் அவரையே தலைவராக நியமித்தார்கள். நம் கட்டுரையின் பொருள் இங்கேதான் கூர்மையடைகிறது. தலைவர் என்றால் கடிதங்கள் எழுத வேண்டும், வரவு செலவு பார்க்க வேண்டும், குருக்களின் குறைகளைக் கேட்க வேண்டும், பாளையக்காரர்களிடம் தூது அனுப்ப வேண்டும். ஓரிடத்தில் அமர்ந்து இவற்றைச் செய்திருந்தாலே போதும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் மறவர் நாட்டுக் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாகக் குருவின் முகம் காணாமல் இருந்தார்கள். அங்கே போவது ஆபத்து. அந்த ஆபத்தான இடத்துக்கு வேறொருவரை அனுப்பாமல், 1686ல் தலைவர் தாமே சென்றார். சில வாரங்களில் பெருந்திரளான மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் மங்கலம் என்னும் ஊரருகே அவரும் உடனிருந்த உபதேசியார்களும் பிடிபட்டார்கள். நீரில் அமிழ்த்தினார்கள், கட்டி வைத்து அடித்தார்கள், மரண தண்டனையும் விதித்தார்கள். கடைசியில் இரகுநாத கிழவன் சேதுபதி அவரை அழைத்துப் பேசினார். பேசிய பின் விடுதலை செய்தார். ஆனால் தம் நாட்டில் இனிப் போதிக்கலாகாது என்று கட்டளையிட்டார்.

இந்த இடத்தில் உபதேசியார்களை மறந்துவிடக் கூடாது. ஊர் ஊராக முன்னே சென்று, நோயாளிகளைப் பார்த்து, செபம் கற்பித்து, சண்டைகளைத் தீர்த்து, மக்களை ஆயத்தம் செய்தவர்கள் அவர்கள். குருவோடு அடிபட்டவர்களும் அவர்களே. அப்போஸ்தலர்கள் பந்தி விசாரிப்பை ஏழு பேரிடம் ஒப்படைத்து, தாங்கள் செபத்திலும் போதனையிலும் நிலைத்திருந்ததை அப்போஸ்தலர் பணி நூலில் வாசிக்கிறோம். பிறரை நம்பிப் பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கத் தெரியாத தலைவர், எல்லாவற்றையும் தாமே செய்யப் போய் ஒன்றையும் முழுமையாகச் செய்யமாட்டார். அருளானந்தரின் கருத்து ஒருமுகப்பட்டிருந்ததற்குப் பெயர் தெரியாத எத்தனையோ உபதேசியார்களின் உழைப்பும் காரணம்.

லிஸ்பனில் வந்த சோதனை

விடுதலை பெற்ற அருளானந்தரை மிஷனின் காரியங்களை எடுத்துச்சொல்லும் பிரதிநிதியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1688 செப்டம்பரில் லிஸ்பன் சேர்ந்தார். அன்றைய இளவரசர் பேதுரு இன்று அரசர். பால்ய நண்பனை அவர் எவ்வளவு மகிழ்ச்சியோடு வரவேற்றிருப்பார் என்று சொல்லவும் வேண்டுமோ? மறவர் நாட்டில் சித்திரவதைப்பட்ட குருவைக் காண ஊரே திரண்டது.

அரசர் அவரைத் திரும்ப அனுப்ப விரும்பவில்லை. தம் மகனுக்கு ஆசிரியராக அரண்மனையிலேயே தங்கிவிடும்படி வேண்டினார். சற்று நின்று யோசித்துப் பாருங்கள். இது கெட்ட யோசனையா? வருங்கால அரசனை நல்ல கிறிஸ்தவனாக வளர்ப்பது எவ்வளவு பெரிய தொண்டு! அந்த அரசன் ஒரு வார்த்தை சொன்னால் இந்தியாவில் உள்ள மிஷன்களுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும்! "நீங்கள் படாத பாடு பட்டுவிட்டீர்கள், இனி இங்கிருந்தே தொண்டு செய்யுங்கள்" என்று நண்பர்கள் சொல்லியிருந்தால் அதிலே தவறு காண முடியுமா? வயது முதிர்ந்த தாயாரும் அங்கேதான் இருந்தார்.

சிறைச்சாலையில் வந்த சோதனையைவிட அரண்மனையில் வந்த இந்தச் சோதனையே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது. அடிக்குப் பயந்து பின்வாங்கினால் கோழை என்று நமக்கே தெரிந்துவிடும். மரியாதைக்கு மயங்கிப் பின்வாங்கினால் அதற்கு நாமே 'பெரிய தொண்டு' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அருளானந்தர் அப்படிப் பெயர் மாற்றவில்லை. ஐரோப்பாவிலும் முடிந்த மட்டும் பண்டாரசுவாமியின் உணவையும் எளிமையையும் விடாமல் வாழ்ந்தார். தாம் எங்கே இருந்தாலும் தம் இடம் எது என்பதை உடம்பும் மறந்துவிடாதபடி அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது. அரசரின் மகனுக்குப் பாடம் சொல்ல அந்நாட்டில் வேறு அறிஞர்கள் கிடைப்பார்கள். மறவர் நாட்டு ஏழைக் கிறிஸ்தவனுக்கு வேறு குரு இல்லை. 1690ல் மீண்டும் கப்பல் ஏறி இந்தியா திரும்பினார். அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்து, போகக் கூடாது என்று தடுக்கப்பட்ட அதே மறவர் சீமைக்குள் காலடி வைத்தார்.

தடியத்தேவரும் கடலாயியும்

இனி வந்ததுதான் எல்லாவற்றிலும் நுட்பமான சோதனை. மறவர் நாட்டின் ஆட்சிக்கு உரிமை பாராட்டத்தக்க அரச குடும்பத்தவரான தடியத்தேவர் கொடிய நோயில் விழுந்தார். உபதேசியார் ஒருவர் சென்று செபித்தார். நோய் நீங்கியது. தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற விரும்பினார்.

துன்புற்றுக் கிடந்த சிறு மந்தைக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வருமா? இப்படி ஒருவர் சேர்ந்தால் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்வார்கள், கோவில்களை இடிப்போர் அஞ்சுவார்கள். ஆனால் தடியத்தேவருக்கு மனைவியர் பலர். கிறிஸ்தவராக வேண்டுமானால் ஒருவரோடு மட்டுமே வாழ வேண்டும். 'முதலில் சேரட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று கண்டும் காணாமல் விட்டிருந்தால் மறவர் நாட்டில் மிஷன் அமைதியாக வளர்ந்திருக்கக் கூடும். அருளானந்தர் விடவில்லை. ஏழை உழவனுக்கு ஒரு சட்டம், அரச குடும்பத்தவருக்கு ஒரு சட்டம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. தடியத்தேவரும் அதற்கு இணங்கினார். முதல் மனைவியை வைத்துக்கொண்டு, மற்றவர்களைச் சகோதரிகளைப் போல் ஆதரிப்பதாக வாக்களித்தார். 1693 ஜனவரி 6ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி. அவர் சேதுபதி மன்னரின் சகோதரர் வழி மகள் என்பர். அவர் மன்னரிடம் சென்று முறையிட்டார். நம் பழைய நூல்கள் சில இவரை வேதத்துக்கு விரோதி என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அது நியாயமன்று. தம்மைக் கேளாமலே தம் வாழ்க்கை ஒரே நாளில் மாறிப்போன ஒரு பெண்ணின் வேதனை அது. ஆதரவு உண்டு என்ற வாக்குறுதி, மனைவி என்ற இடத்துக்கு ஈடாகுமா? தலைவர்கள் கொள்கையில் உறுதியாக நிற்கும்போது அந்த உறுதியின் சுமை சில வேளை வேறொருவர் தலையிலும் விழுகிறது. உறுதியைக் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்தச் சுமையைக் காணாதவர்போல் இருந்துவிடக் கூடாது என்றே சொல்கிறோம்.

சேதுபதி மன்னரையும் கொடியவர் என்று ஒரே சொல்லால் ஒதுக்குவது வரலாற்றுக்கு அழகன்று. இராமநாதபுரத்தைத் தலைநகராக்கிக் கோட்டை கட்டி, 1710 வரை சீமையைக் கட்டியாண்ட வலிய அரசர் அவர். அவர் கண்ணுக்கு இது வெறும் மதமாற்றமாகத் தெரியவில்லை. அரசுரிமைக்குப் போட்டியாக வரத்தக்க ஒருவர், தாம் தடைசெய்த குருவின் சீடராகிறார். தம் குடும்பத்துப் பெண் கண்ணீரோடு வந்து நிற்கிறார். முதல் முறை உயிரோடு விட்டவர் இம்முறை விடவில்லை.

ஓரியூர்

ஜனவரி 8ந் தேதி அருளானந்தர் பிடிக்கப்பட்டார். இராமநாதபுரத்துக்குக் கொண்டு போனார்கள். தடியத்தேவர் அவருக்காக மன்றாடினார். தலைநகரில் வைத்துக் கொன்றால் கலகம் எழலாம் என்பதால் மன்னர் அவரை எல்லைப் பகுதியான ஓரியூருக்கு, அங்கே ஆட்சி செய்த தம் சகோதரரிடம் அனுப்பினார்.

கொலை நாளுக்கு முந்திய நாள், பிப்ரவரி 3ந் தேதி, அருளானந்தர் தம் சபையாருக்குக் கடிதம் எழுதினார். மையும் இல்லை, எழுதுகோலும் இல்லை. கரியை நீரில் குழைத்து வைக்கோல் துரும்பால் எழுதினார். அந்தக் கடிதத்தில் மன்னர்மீது வசை இல்லை. உயிருக்கு மன்றாட்டு இல்லை. நன்மையைப் போதித்ததே தம்மீது சாட்டப்பட்ட குற்றமென்றால் அதற்காகப் படும் பாடு மகிழ்ச்சியே என்பதுதான் அதன் கருத்து. தலைவர் ஒருவர் கடைசி நாளில் எழுதும் எழுத்தில், வாழ்நாளெல்லாம் அவர் மனம் எதன்மேல் இருந்தது என்பது தெரிந்துவிடும்.

மறுநாள் 1693 பிப்ரவரி 4. அந்த ஆண்டு அதுவே விபூதிப் புதன். மண்ணாய் இருக்கிறாய் என்று திருச்சபை தன் பிள்ளைகளின் நெற்றியில் சாம்பல் பூசும் நாளில், ஓரியூர் மணலில் அவர் தலை வீழ்ந்தது. வயது நாற்பத்தாறு நிறையவில்லை. 1853ல் ஒன்பதாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1947 ஜூன் 22ல் பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதர் பட்டம் சூட்டினார். அவ்வூரின் செம்மணலை இன்றும் மக்கள் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள்.

சிவகாசியில் உயிர்நீத்த ஒருவர்

அருளானந்தருக்கு ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின், நம் சிவகாசிப் பக்கத்திலேயே இதைப் போன்ற ஒரு வாழ்வு நடந்தது. அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். பிரிந்த சகோதரர்களைச் சேர்ந்தவர். நல்லதை எங்கே கண்டாலும் போற்ற வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்திருப்பதால் அவரையும் நினைப்போம்.

தாமஸ் கஜிட்டன் ராக்லண்ட் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முன்னணியில் தேறியவர். ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் செயலாளராகச் சென்னையில் பணிபுரிந்தார். கௌரவமான பதவி, நல்ல வீடு, அதிகாரம் எல்லாம் இருந்தன. ஆனால் வட திருநெல்வேலிச் சீமையின் கிராமங்களில் சுவிசேஷம் சொல்ல ஆளில்லை என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1854 வாக்கில் அந்த நாற்காலியை விட்டு, கூடாரத்தோடு நம் கரிசல் காட்டுக்கு வந்தார். சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் தோழர்களோடும் தெற்கேயிருந்து முறைவைத்து வந்த உபதேசியார்களோடும் ஊர் ஊராகப் போனார். நெஞ்சு நோய் உள்ளவர். நம் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1858 அக்டோபர் 22ல் சிவகாசியிலேயே இறந்தார். பார்த்த பலன் மிகக் குறைவு. ஆயினும் மேசைக்கும் மக்களுக்கும் நடுவே எதைத் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் தெளிவானது.

நமக்குரிய பாடம்

இந்த இருவரைப் போல் நாம் எல்லோரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. தலை கொடுக்கவும் அழைக்கப்படவில்லை. நம் பொறுப்பு நம் பங்கின் எல்லைக்குள்ளேதான். பங்குத் தந்தையாக இருக்கலாம். கன்னியர் இல்லத் தலைவியாக, பங்குப் பேரவை உறுப்பினராக, மரியாயின் சேனைத் தலைவராக, உபதேசியாராக, ஞானோபதேச வகுப்பு நடத்தும் ஆசிரியையாக இருக்கலாம். எவராயினும் இந்த வரலாற்றிலிருந்து மூன்று காரியங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, நம்மை இழுப்பது நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டால் போதாது. இது என் வேலையா, இதை வேறொருவர் செய்ய மாட்டாரா என்றும் கேட்க வேண்டும். லிஸ்பனில் அருளானந்தரைக் காத்தது இந்தக் கேள்விதான்.

இரண்டாவது, பெரிய மனிதர் ஒருவரின் ஆதரவு கிடைக்கிறது என்பதற்காகச் சட்டத்தை வளைக்கக் கூடாது. நன்கொடையின் அளவைப் பார்த்து ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் வேறு வேறு முறை வைக்கும் பங்கு, கட்டடத்தில் உயரலாம், விசுவாசத்தில் உயராது. அதே வேளையில் நம் உறுதியால் யார் காயப்படுகிறார் என்று பார்த்து, அந்த வீட்டுக்கு முதலில் போய் நிற்க வேண்டியவரும் தலைவரே.

மூன்றாவது, தனியே சுமக்கக் கூடாது. உபதேசியார்கள் இல்லாமல் அருளானந்தர் இல்லை. கணக்கை நம்பகமானவரிடம் கொடுங்கள். திருவிழாவை இளைஞரிடம் ஒப்படையுங்கள். உங்களுக்கென்று மிச்சப்படும் நேரத்தில் நோயாளியின் கட்டிலருகே உட்காருங்கள். தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் போய்க் களைத்து வரும் தாய்மாரின் பேச்சைக் கேளுங்கள். நற்கருணை முன் ஓசையின்றி முழந்தாளிடுங்கள்.

யூபிலி ஆண்டும் ஒரு பராக்காகிவிடக் கூடும். பந்தலும் பவனியும் வாணவேடிக்கையும் முடிந்து ஊர் உறங்கிய பிறகு, பீடத்தருகே எரியும் சிறு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். விழாவெல்லாம் யாருக்காக எடுத்தோம் என்பதை அது நமக்கு நினைவூட்டட்டும். கரியைக் குழைத்துத் துரும்பால் எழுதிய அந்தக் கை, நம் பங்கின் தலைவர்களுக்காகவும் பரலோகத்தில் ஏந்தி நிற்பதாக.

புனித அருளானந்தரே, பராக்குக்கு இடங்கொடாமல் எங்கள் பணியில் நாங்கள் நிலைத்திருக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.